பழைய மோட்டாருக்குப் புதிய வேலை

பழைய கார்களைக் கழற்றி விற்கும் கடைகளிலே, முன்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் மோட்டார்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றுட் பல பழுதடையாதவை. உள்ளே பற்சில்லுகள் அமைந்திருப்பதால் அவை மெதுவாகவும் வலிமையாகவும் சுழலும். கயிறு திரிக்கவும், வண்ணம் கலக்கவும் ஏற்றவை. அத்தகைய மோட்டாரை வீட்டு மின்சாரத்திலே ஓட்டலாமா? ஓட்டலாம்; ஆனால் நேராக இணைத்தல் ஆகாது.

காரின் மோட்டார் 12 வோல்ட் நேரோட்டத்துக்கென ஆக்கப்பட்டது. வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் ஆடலோட்டம். அது செக்கனுக்கு 50 முறை அலைவதால், 100 முறை திசை மாறுகிறது. நிலையான காந்தத்தைக் கொண்ட மோட்டாரிலே அது தண்டை ஒரு கணம் முன்னும் மறுகணம் பின்னும் உந்தும். தண்டு சுழலாது, அவ்வழுத்தத்திலே சுருள் விரைவிற் கருகிவிடும்.

ஆகவே இரு கருவிகள் வேண்டும். முதலாவது டிரான்ஸ்போமர். அதிலே இரும்புக் கருவொன்றின்மேல் இரு சுருள்கள் தனித்தனியே சுற்றப்பட்டுள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஆற்றல் காந்தத்தின் வழியாகவே செல்கிறது. இரண்டாவது, நான்கு டையோட்டுகள் சேர்ந்த சீராக்கி. அது இரு திசை ஓட்டத்தையும் ஒரே திசைக்குத் திருப்புகிறது. அவ்வோட்டம் துடிப்புத் துடிப்பாகவே வரும். வானொலிப் பெட்டிக்கு அது இரைச்சலைத் தரும். மோட்டாருக்கோ சுழலும் பாரமே அதனைச் சமன்செய்துவிடும்.

கணக்கும் எளியது. 15 வோல்ட் டிரான்ஸ்போமரைக் கொண்டால், சீராக்கிய பின் சராசரி 13.5 வோல்ட் வரும். டையோட்டுகளில் ஏறத்தாழ 1.5 வோல்ட் குறைய, மோட்டாருக்கு 12 எஞ்சும். முதலில் கார் பற்றரியிலே மோட்டாரை ஓட்டி, அது வேலை செய்கையில் எத்தனை அம்பியர் இழுக்கிறதென்று அளந்துகொள்ள வேண்டும். அது 4 அம்பியராயின், 100 வோல்ட்-அம்பியர் டிரான்ஸ்போமர் போதும்.

சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தைப் பிறப்பித்து ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. தண்டு இறுகி நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பும் இல்லாது போகும், ஓட்டம் பன்மடங்காகும். அதனால் மோட்டாரின் பக்கத்திலும், 230 வோல்ட் பக்கத்திலும் தகுந்த பியூஸ் இடுதல் அவசியம்.

செலவைக் குறைக்க எண்ணிச் சிலர் டிரான்ஸ்போமரை விட்டு, மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்து, சீராக்கியை நேரே வீட்டு மின்சாரத்திற் பூட்டுவர். மோட்டாரும் ஓடக்கூடும். ஆபத்து அங்கேதான் மறைந்திருக்கிறது. மின்குமிழ் ஓட்டத்தைக் குறைக்கிறதேயன்றி, மோட்டாரை வீட்டு மின்சாரத்திலிருந்து பிரிப்பதில்லை. கார் மோட்டார்கள் பலவற்றிலே சுருளின் ஒரு முனை உலோகக் கூட்டுடனேயே இணைந்திருக்கும். பற்றரியிலே தீங்கற்ற அவ்விணைப்பு, இங்கே கூடு முழுவதையும் உயிர்கொல்லியாக்கிவிடும். ஈரக் கையாலே தொடுபவரின் இதயம் நின்றுபோகலாம்.

ஒரே சுருளைக் கொண்ட டிரான்ஸ்போமர்களும் கடைகளில் உண்டு. அவை அழுத்தத்தைக் குறைக்கும், பிரித்து வைக்கமாட்டா. எனவே வாங்குமுன், இரு பக்கத்துக்கும் இடையே மின்தொடர்பு இல்லையென்பதை மானியினாலே சோதித்தல் வேண்டும். 230 வோல்ட் பக்கத்து வேலையைத் தேர்ந்த மின்வினைஞரிடம் ஒப்படைப்பதே நன்று. பழைய மோட்டார் மிச்சப்படுத்தும் பணத்திலே அவருடைய கூலிக்கும் ஒரு பங்கு ஒதுக்கினால், அது வீண் செலவாகாது.