பிள்ளையின் கொப்பியைத் திறந்து பாருங்கள்

(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் எமது சங்கத்தின் மாதர் அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை.)



ஞாயிற்றுக்கிழமையில்தான் நமக்கு விறகு பொறுக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன்.

வழக்கமாக நமது கூட்டங்களில் சம்பளம், கிலோ, லயம், காணி பற்றிப் பேசுவோம். இன்று ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் நமது பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போகிறேன். இங்கே வரும் வழியில் ஒரு தம்பி கேட்டார், "அக்கா, அது வாத்தியார்மார் வேலைதானே, சங்கத்துக்கு அதில் என்ன இருக்கு?" என்று. அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் என் வீட்டுக் கதை.

நானும் கொழுந்து பறித்தவள்தான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். ஒரே அறை, ஒரே வாத்தியார், எல்லா வகுப்புக்கும் அவர்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாவது மகன் நாலாம் வகுப்பில் இருந்தபோது நடந்தது இது.

ஒரு நாள் மாலை, ரொட்டிக்கு மாவு பிசைந்து கொண்டிருந்தேன். என் மாமியாரின் ஈ.பீ.எப். பணம் சம்பந்தமாக ஒரு கடிதம் வந்தது. தமிழில்தான் இருந்தது. கையெல்லாம் மாவு. "இங்க வா, இதை வாசிச்சுச் சொல்லு" என்று மகனைக் கூப்பிட்டேன். அவன் கடிதத்தை வாங்கினான். பார்த்துக்கொண்டே நின்றான். எதுவும் பேசவில்லை. "கஷ்டமான சொல்லா?" என்று கேட்டேன். அவன் கண் கலங்கிவிட்டது. அப்போதுதான் தெரிந்தது, நாலு வருஷம் பள்ளிக்கூடம் போன என் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியவில்லை.

அவன் மோசமான பிள்ளையில்லை. தினமும் பள்ளிக்கூடம் போனான். பாடப் புத்தகத்தை ராகம் போட்டு ஒப்பிப்பான். பக்கத்துப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்டு மனப்பாடமாக வைத்திருந்தான். அதைக் கேட்டு நானும் வாசிக்கிறான் என்று நினைத்தேன். தவணை அறிக்கை வந்தால் அடுப்படியில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த நாள் அரைப் பேரை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். டீச்சரிடம் கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் மகனின் கொப்பியை எடுத்து என் முன்னால் வைத்தார். மூன்று இடத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "பெற்றோர் வந்து சந்திக்கவும்." முதலாவது எழுதி ஐந்து மாதம் ஆகியிருந்தது. மகனுக்கு அது என்னவென்று வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த நான் அந்தக் கொப்பியை ஒரு நாளும் திறக்கவில்லை.

"மூணு தரம் எழுதினேன், நீங்க வரல்ல. கூட்டத்துக்கும் வரல்ல. உங்களுக்கு அக்கறையில்லைன்னு நெனச்சேன்" என்றார் டீச்சர்.

"கூட்டம் காலை பத்து மணிக்கு வச்சா நான் எப்படி டீச்சர் வர்றது? அன்னைக்கு என் பேர் போயிருமே" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது எனக்குத் தெரியாதும்மா" என்றார். அவர் டவுனிலிருந்து வருகிறவர். அரைப் பேர் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என்று அன்றுவரை எனக்கும் தெரியாது. ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டால், அடுத்த பஸ்ஸைத் தவறவிட்டால் அவர் வீடு போய்ச் சேர இருட்டிவிடும் என்பதும் தெரியாது.

தாய்மார்களே, இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நமக்கு அக்கறையில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் சரியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை என்று நாம் நினைக்கிறோம். நமது வேலை நேரமும் நமது வெட்கமும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கின்றன. அதில் மாட்டிக்கொள்வது பிள்ளை.

வெட்கம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட வாசலுக்குப் போகவே தயக்கம். "அவங்க படிச்சவங்க, நாம என்னத்தைப் பேசுறது" என்கிறோம். இந்தத் தயக்கம் சும்மா வந்ததில்லை. 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்கள் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. 1977ஆம் ஆண்டு தொடக்கம்தான் அரசாங்கம் அவற்றைக் கட்டம் கட்டமாகப் பொறுப்பேற்றது. மற்றவர்களுக்குக் கிடைத்தது நமக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிந்திக் கிடைத்தது. அது நமது குற்றமில்லை. இன்று அந்தப் பள்ளிக்கூடம் அரசாங்கப் பள்ளிக்கூடம். அதில் நமது பிள்ளைக்குள்ள உரிமை கொழும்பில் படிக்கும் பிள்ளைக்குள்ள அதே உரிமை. 1998இல் 5 வயது முதல் 14 வயது வரை பள்ளிக்கூடம் கட்டாயமாக்கப்பட்டது. 2016இல் அது 16 வயது வரை ஆனது. ஆகவே, தலை குனிந்து உள்ளே போக வேண்டிய இடமில்லை அது.

சரி, என் மகன் கதைக்கு வருகிறேன். டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் இரவில் பத்து நிமிஷம் அவன் ஒரு பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்து முடிந்ததும் நான் கொப்பியில் ஒரு சரி அடையாளம் போட வேண்டும். அதைக் காலையில் அவர் பார்ப்பார். அவனை மீண்டும் இரண்டாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க வைத்தார். முதலில் வெட்கப்பட்டான். அக்கா கேலி செய்வாள் என்று அழுதான். நான் சமையல் முடித்து, அடுப்புப் பக்கத்திலேயே உட்கார வைத்துக் கேட்பேன். சில நாள் நானும் களைப்பில் தூங்கிவிடுவேன். அன்றைக்கு அடையாளம் இருக்காது. டீச்சர் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஏழு மாதம் போனது. ஒரு நாள் அந்த ஈ.பீ.எப். கடிதத்தை அவனே பெட்டியிலிருந்து எடுத்து, நான் கேட்காமலேயே வாசித்துக் காட்டினான்.

அவன் டாக்டராகவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் இரண்டாவது தடவைதான் சித்தியடைந்தான். இப்போது மின்சார வேலை செய்கிறான். வேலை ஒப்பந்தத்தை வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறான். எனக்கு அது போதும்.

"எனக்கு எழுத்தே தெரியாதே, நான் என்ன செய்வது?" என்று கேட்கும் தாய்மாரும் பாட்டிமாரும் இங்கே இருக்கிறீர்கள். மகள் வெளிநாட்டுக்குப் போய், பேரப்பிள்ளையை வளர்க்கும் பாட்டிமாருக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உங்களாலும் முடியும். பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைக்கச் சொல்லுங்கள். விரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போனால் அது வாசிப்பு இல்லை, மனப்பாடம். இதைக் கண்டுபிடிக்க எழுத்துத் தெரியத் தேவையில்லை. கொப்பியில் சிவப்பு எழுத்து இருந்தால் பக்கத்துக் காம்பராவில் படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசித்துக் கேளுங்கள். கதை சொல்லுங்கள், பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பேசத் தெரிந்த பிள்ளைக்கு வாசிப்பு சீக்கிரம் வரும்.

கணக்குக்கும் வழி இருக்கிறது. இன்று காலையில் எத்தனை கிலோ, மத்தியானம் எத்தனை கிலோ, மாலையில் எத்தனை கிலோ என்று பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்துக் கூட்டச் சொல்லுங்கள். மாதக் கடைசியில் சம்பளத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைக்குக் கணக்கு வரும். உங்களுக்கும் உங்கள் கிலோ சரியாக விழுந்ததா என்று தெரியும். "சங்கத்துக்கு இதில் என்ன இருக்கு?" என்று கேட்ட தம்பிக்கு இதுதான் என் பதில். சம்பளத் துண்டை வாசிக்கத் தெரியாத தொழிலாளியை யாரும் ஏமாற்றலாம்.

இனி நாம் திருத்திக்கொள்ள வேண்டியதையும் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெரியவளைப் பள்ளிக்கூடத்தால் நிறுத்துகிறோம். விறகுக்குப் போக நிறுத்துகிறோம். திருவிழா முடிந்து இரண்டு நாள் சும்மா நிறுத்துகிறோம். ஒரு நாள்தானே என்று நினைக்கிறோம். சின்ன வகுப்பில் ஒரு எழுத்தை விட்ட பிள்ளைக்கு அடுத்த எழுத்தும் குழம்பும். ஐந்தாம் வகுப்பு வந்ததும் புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று கடன் வாங்கி டியூஷனுக்கு அனுப்புகிறோம். ஒன்றாம் வகுப்பில் பத்து நிமிஷம் கேட்டிருந்தால் பாதிக் கடன் மிஞ்சும். தந்தைமார்களே, இது பெண்களின் வேலை மட்டுமில்லை. மாலையில் வீட்டில் சத்தமில்லாமல் ஒரு மணித்தியாலம் கொடுப்பதும் பிள்ளைக்கு உதவிதான்.

பள்ளிக்கூடத்திடமும் நாம் மரியாதையோடு கேட்க வேண்டியவை உண்டு. காசு சேர்க்கவும் சிரமதானத்துக்கும் மட்டும் எங்களைக் கூப்பிடாதீர்கள். பிள்ளை ஒன்றை நன்றாகச் செய்தாலும் கொப்பியில் எழுதுங்கள், நாங்கள் சந்தோஷப்படுவோம். மற்றவர்கள் முன்னால் எங்களையோ பிள்ளையையோ ஏசாதீர்கள். "வாங்கம்மா, உட்காருங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால், அடுத்த முறை நாங்களாகவே வருவோம்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதிபர் அதன் தலைவர். பெற்றோரும் அதில் உறுப்பினர். அந்தக் கூட்டத்துக்கு நாம் போகாவிட்டால் நமது பிள்ளையைப் பற்றி நாம் இல்லாமலேயே முடிவெடுப்பார்கள். குற்றம் சொல்ல அப்புறம் நமக்கு வாய் இல்லை.

கடைசியாக, இந்தக் கமிட்டி இன்று மூன்று விஷயங்களை முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, கூட்ட நேரம். நான் வேலை செய்த தோட்டத்தில் தலைவரும் தலைவியும் அதிபரிடம் போய்ப் பேசினார்கள். பிறகு துரையிடம் போனார்கள். ஒரு தவணைக்கு ஒரு தடவை, மத்தியானக் கொழுந்து நிறுத்த கையோடு கூட்டம் வைப்பது, அதற்குப் போகும் பெற்றோருக்குப் பேரை வெட்டாமலிருப்பது என்று பேசி முடித்தார்கள். டீச்சர்மாரும் பஸ்ஸைப் பிடித்தார்கள், நமக்கும் பேர் போகவில்லை. துரை முதல் தடவை முடியாது என்றார், மூன்றாவது தடவைதான் ஒத்துக்கொண்டார். இங்கேயும் எழுத்தில் கேளுங்கள், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு ஆள். படித்த இளைஞர் அல்லது யுவதி ஒருவர், எழுத்துத் தெரியாத வீடுகளுக்கு வாரத்தில் ஒரு மாலை போய்க் கொப்பியில் டீச்சர் எழுதியதை வாசித்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு இந்தத் தோட்டத்திலிருந்து கட்டாயம் போகும் நாலு பேரின் பெயர். அதில் இரண்டு பேராவது கொழுந்து பறிக்கும் பெண்களாக இருக்க வேண்டும். அவர்கள் திரும்பி வந்து இதே இடத்தில் என்ன பேசினார்கள் என்று நமக்குச் சொல்ல வேண்டும்.

இவை கமிட்டியின் வேலை. உங்கள் வேலையை இன்றைக்கே தொடங்கலாம். வீட்டுக்குப் போய் அடுப்பு மூட்டும்முன் பிள்ளையின் பையை எடுத்து, கொப்பியைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை பாருங்கள். அங்கே யாராவது உங்களை ஐந்து மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.