ஷாஃப்ட் நம்முடையது, பெல்ட் யாருடையது?

(பாங்குகளின் பணப்பட்டுவாடா ஸ்தாபனத்தில் 2024ஆம் ஆண்டில் நடந்தவை பற்றி, ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வைப் பற்றியோ போனஸைப் பற்றியோ பேச இன்று நான் வரவில்லை. உயர்ந்த கூலியும் கிடைத்த போனசும் எந்த வழியாக நம் கைக்கு வந்து சேருகின்றன என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மடை அடைபட்டால் வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் வயல் காயும். விவசாயத் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நம் தகப்பன்மார் காலத்தில் ஆலை வாசலில் சம்பளக் கவரை வாங்கி அங்கேயே எண்ணிப் பார்த்தார்கள். வரப்பில் நின்று கூலி வாங்கினார்கள். எட்டணா குறைந்தால் அந்த இடத்திலேயே, அந்த ஆளிடமே கேட்டார்கள். இன்று கூலி பாங்குக் கணக்கில் ஏறுகிறது. டீ குடித்தால், கடையில் ஒட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு நேரே கைப்பேசியைக் காட்டிவிட்டு வருகிறோம். சௌகரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் பணம் வராவிட்டால் யாரைக் கேட்பது? நடுவில் இருப்பது யார்?

ஷாஃப்ட் எது?

பழைய ஆலையில் வேலை பார்த்த பெரியவர்களுக்கு லைன் ஷாஃப்ட் ஞாபகம் இருக்கும். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து பெல்ட் இறங்கி ஒவ்வொரு மிஷினையும் ஓட்டும். மிஷின் நூறு இருக்கலாம், தண்டு ஒன்றுதான். இன்று நம் நாட்டுப் பாங்குகளுக்கெல்லாம் அப்படி ஒரு தண்டு உண்டு. அதன் பெயர் நேஷனல் பேமென்ட்ஸ் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா. சுருக்கமாக என்.பி.சி.ஐ. என்பார்கள்.

ரிசர்வ் பாங்கும் இந்திய பாங்குகள் சங்கமும் முன்நின்று 2008இல் இதைத் தொடங்கின. தலைமையகம் பம்பாயில். பத்து பாங்குகள் சேர்ந்து முதல் போட்டன. அவற்றில் ஆறு பொதுத்துறை பாங்குகள், இரண்டு உள்நாட்டுத் தனியார் பாங்குகள், இரண்டு அந்நிய பாங்குகள். 2016இல் பங்குதாரர் பாங்குகள் 56 ஆயின. லாபம் பிரித்துக்கொள்வதற்காக அல்லாத கம்பெனி என்று சட்டப்படி பதிவானது. ரூபே கார்டு, ஆதார் வழியாகக் கூலியும் மானியமும் போகும் பாதை, 2016 ஏப்ரலில் வந்த யு.பி.ஐ. எல்லாம் இதன் வேலைதான். 'ஜிபே பண்ணு' என்று நாம் சொல்வதெல்லாம் இந்தத் தண்டில்தான் சுழல்கிறது.

எப்படிச் சுழல்கிறது? ஒரு தொழிலாளி மளிகைக் கடைக்கு 200 ரூபாய் செலுத்துகிறார். அவர் கணக்கு ஒரு பாங்கில், கடைக்காரர் கணக்கு வேறொரு பாங்கில். "இந்தக் கணக்கில் 200 இருக்கிறதா? ரகசிய எண் சரியா?" என்று கேள்வி என்.பி.சி.ஐ. வழியாக முதல் பாங்குக்குப் போகிறது. "கழித்துவிட்டேன்" என்று பதில் வருகிறது. இரண்டாவது பாங்கு "வரவு வைத்தேன்" என்கிறது. எல்லாம் சில நொடிகளில். பாங்குக்கும் பாங்குக்கும் நடுவே பணம் அந்த நொடியில் போவதில்லை. நாளில் பல தடவை கூட்டிக் கழித்து, யார் யாருக்குப் பாக்கி என்று பார்த்து, மிச்சத் தொகையை மட்டும் ரிசர்வ் பாங்கில் தீர்த்துக்கொள்கிறார்கள்.

2024ஆம் ஆண்டில் யு.பி.ஐ. வழியாக நடந்த கொடுக்கல் வாங்கல் சுமார் 17,200 கோடி தடவை. தொகை சுமார் 247 லட்சம் கோடி ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்குச் சராசரி 1,400 ரூபாய் சொச்சம். கோடீஸ்வரன் கணக்கா இது? காய்கறி, மளிகை, பஸ் டிக்கெட், மருந்து, ஊருக்கு அம்மாவுக்கு அனுப்பும் பணம், இவையெல்லாம் சேர்ந்த கணக்கு. இந்தத் தண்டைச் சுழற்றுவது சில்லறைக் காசுதான், தோழர்களே!

ஜனவரி 1: கூலிக்காரருக்குக் கெடு

அந்த வருஷத்தின் முதல் நாளிலேயே கிராமத்தில் ஒரு மாற்றம் வந்தது. அப்போது நடப்பில் இருந்த நூறு நாள் வேலைத் திட்டத்தில், ஆதார் வழிப் பாதையில்தான் கூலி என்று கட்டாயமாயிற்று. உத்தரவு என்.பி.சி.ஐ. போட்டதல்ல, மத்திய சர்க்கார் இலாகா போட்டது. ஆனால் பணம் போகும் பாதை என்.பி.சி.ஐ.யினுடையது.

இந்தப் பாதையில் கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதார் எண்தான் விலாசம். எந்த ஆதார் எண் எந்த பாங்கோடு கோர்க்கப்பட்டிருக்கிறது என்று என்.பி.சி.ஐ.யிடம் ஒரு பேரேடு இருக்கிறது. கடைசியாக எந்த பாங்கோடு கோர்த்தோமோ அங்கே பணம் போய்விடும். பழைய பாங்கின் பாஸ்புத்தகத்தில் வரவு விழாது.

எங்கள் வட்டாரத்தில் ஒரு அம்மாள். எட்டு வாரமாகக் கூலி வரவில்லை என்று சங்க ஆபீசுக்கு வந்தார். பாஸ்புத்தகத்தைப் பார்த்தேன், வரவு இல்லை. யூனியன் ஆபீசில் கேட்டால் "பணம் போய்விட்டது" என்றார்கள். பாங்கில் கேட்டால் "எங்களுக்கு வரவில்லை" என்றார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சில மாதங்களுக்கு முன்னே தெருவுக்கு வந்த யாரோ ஒரு ஏஜெண்டு விரலை வைக்கச் சொல்லிப் புதுக் கணக்கு ஒன்று திறந்து போயிருக்கிறார். ஆதார் அங்கே கோர்த்துவிட்டது. அம்மாள் கேள்விப்படாத கணக்கில் அம்மாளின் கூலி தூங்கிக்கொண்டிருந்தது. அந்த எட்டு வாரமும் அவர் வீட்டு அடுப்பு கடனில் எரிந்தது. வேலை முடிந்து 15 நாளில் கூலி என்று சட்டம் எழுதியிருந்தது. சட்டம் ஒரு பக்கம், பேரேடு ஒரு பக்கம்!

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்துக்குப் பதில் வேறு சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. திட்டத்தின் பெயர் மாறலாம். பணம் கணக்குக்கு வந்ததா, எந்தக் கணக்குக்கு என்ற கேள்வி மாறாது.

ஜனவரி 31, ஜூலை 31: பெல்ட் கழன்ற நாட்கள்

2024 ஜனவரி 31 அன்று ரிசர்வ் பாங்கு பேடிஎம் பேமென்ட்ஸ் பாங்குக்கு ஒரு உத்தரவு போட்டது. விதிகளைத் தொடர்ந்து மீறியதாகச் சொல்லி, இனி புது டெபாசிட் வாங்கக் கூடாது என்றது. அதற்குரிய கெடு மார்ச் 15. அந்தப் பெயரில் கட்டம் ஒட்டியிருந்த சின்னக் கடைக்காரர்கள் கலங்கினார்கள். மார்ச் 14 அன்று, வேறு நான்கு பாங்குகளின் வழியாக அந்தச் செயலி நடக்கலாம் என்று என்.பி.சி.ஐ. அனுமதி கொடுத்தது. தண்டு நிற்கவில்லை. அறுந்த பெல்ட்டுக்குப் பதில் வேறு பெல்ட் மாட்டினார்கள். அந்தச் செயலியை விட்டுப் போனவர்களில் பெரும்பகுதியை முன்னமே பெரிதாக இருந்த இரண்டு செயலிகள் இழுத்துக்கொண்டன.

ஜூலை 31 அன்று வேறொன்று நடந்தது. சிறிய கூட்டுறவு பாங்குகளுக்கும் கிராம பாங்குகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை செய்து கொடுக்கும் சி-எட்ஜ் என்ற கம்பெனியின் கம்ப்யூட்டர்களை விஷமிகள் தாக்கினார்கள். பூட்டை உடைத்துத் திருடும் தாக்குதல் அல்ல இது. உள்ளிருப்பதையெல்லாம் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்கும் தாக்குதல். தண்டுக்குத் தொற்றாமலிருக்க என்.பி.சி.ஐ. அந்தக் கம்பெனியின் இணைப்பைக் கழற்றிவிட்டது. அதை நம்பியிருந்த சுமார் 300 சிறிய பாங்குகளின் வாடிக்கையாளர்கள் யு.பி.ஐ. முதலியவற்றை உபயோகிக்க முடியவில்லை. மறுநாள் சரியாயிற்று.

கழற்றியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மிஷினில் தீப்பிடித்தால் பெல்ட்டைத் தள்ளத்தான் வேண்டும். ஆனால் யாருடைய பணம் நின்றது, பாருங்கள். பட்டணத்துப் பெரிய பாங்குக்காரருக்குச் செய்தியே தெரியாது. கூட்டுறவு பாங்கில் கணக்கு வைத்திருந்தவனின் பணம்தான் நின்றது. சிறிய பாங்குகள் சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாமல் ஒரே கம்பெனியை அண்டியிருப்பதால் வந்த வினை இது.

டிசம்பர் 31: கம்பெனிகளுக்கு அவகாசம்

இப்போது வருஷத்தின் கடைசி நாளுக்கு வருகிறேன். யு.பி.ஐ.யில் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் எந்த ஒரு செயலியும் நூற்றுக்கு 30க்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2020 நவம்பரில் என்.பி.சி.ஐ.யே விதி செய்தது. நல்ல விதி. 2021 ஜனவரியிலிருந்து அமல் என்றது. முன்னமே வரம்பைத் தாண்டியிருந்தவர்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்தது. பிறகு 2024 முடிவு வரை நீட்டியது. 2024 டிசம்பர் 31 அன்று இன்னும் இரண்டு வருஷம், 2026 டிசம்பர் 31 வரை என்று நீட்டியது.

அந்த மாதம் நிலைமை என்ன? போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகளில் மட்டும் நூற்றுக்கு 80க்கு மேல் நடந்தது. ஒன்றில் பெரும்பங்கு அமெரிக்க வால்மார்ட்டினுடையது, மற்றது அமெரிக்க கூகுளினுடையது. என்.பி.சி.ஐ.க்குச் சொந்தமாகவே பீம் என்ற செயலி உண்டு. 2024இல் அதற்கென்று தனிக் கம்பெனியும் அமைத்தார்கள். ஆனால் அதன் பங்கு நூற்றில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

"உடனே வரம்பு போட்டால் ஜனங்கள்தானே திண்டாடுவார்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஓடும் தண்டிலிருந்து பெரிய பெல்ட்டைப் பட்டென்று இழுத்தால் ஆலையே நிற்கும். ஆனால் நான்கு வருஷ அவகாசத்தில் பாரம் குறைந்ததா? குறையவில்லை. அவகாசம் கொடுக்கக் கொடுக்க பாரம் ஏறியது.

இரண்டு கெடுவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூலிக்காரருக்கு ஆதார் உத்தரவு 2023 ஆரம்பத்தில் வந்தது. சில தடவை தள்ளிப்போட்டு அந்த டிசம்பரோடு முடித்தார்கள். ஏறக்குறைய பதினோரு மாதம். கம்பெனிகளுக்கு 2021இலிருந்து 2026 வரை ஆறு வருஷம். இரண்டையும் போட்டது வேறு வேறு கைகள்தான். ஆனாலும் விதி எளியவனிடம் வேகமாக நடக்கிறது, வலியவனிடம் போகும்போது காலை இழுத்துக்கொண்டு போகிறது.

இதில் நம் பணமும் இருக்கிறது. பாங்குக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் செலுத்துவதற்கு வியாபாரியிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று 2020 ஜனவரி முதல் விதி. சின்னக் கடைக்காரருக்கு அது நல்லது. அந்தச் செலவை ஈடுகட்ட 2023-24 கணக்கில் மட்டும் சுமார் 3,600 கோடி ரூபாயை சர்க்கார் ஊக்கத்தொகையாகக் கொடுத்தது. அது வரிப்பணம். தீப்பெட்டி வாங்குகிறவனும் கட்டுகிற வரிப்பணம். அதனால்தான் ஷாஃப்ட் நம்முடையது என்கிறேன்.

நல்லதையும் சொல்ல வேண்டும்

அந்த வருஷம் பயனுள்ள காரியங்களும் நடந்தன. பட்டன் போனில் யு.பி.ஐ. செலுத்தும் உச்சவரம்பு 5,000லிருந்து 10,000 ஆயிற்று. சொந்தக் கணக்கு இல்லாத வீட்டார், இருப்பவரின் கணக்கிலிருந்து அவர் அனுமதித்த அளவுக்குச் செலுத்த ஆகஸ்டில் வழி வந்தது. பிப்ரவரியில் இலங்கையிலும் மொரிஷியஸிலும் நம் பாதை திறந்தது. நம் நாட்டு எஞ்சினியர்கள் போட்ட பாதை இது. இதில் நமக்குப் பெருமை உண்டு. பெருமை இருப்பதால்தான் கேள்வியும் கேட்கிறோம்.

நாம் செய்ய வேண்டியது

முதலாவது: உங்கள் ஆதார் எந்த பாங்கோடு கோர்த்திருக்கிறது என்று இந்த வாரமே பாருங்கள். இ-சேவை மையத்தில் ஆதார் இணையதளத்தில் பார்க்கலாம். தப்பாக இருந்தால், வேண்டிய பாங்குக் கிளையில் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள். தெருவுக்கு வருகிறவனிடம் விரல் வைக்காதீர்கள்.

இரண்டாவது: கணக்கில் கழிந்து கடைக்காரருக்குப் போகாத பணம் நாள் கழித்து ஐந்து நாளில் தானாகத் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஆள் அனுப்பியதென்றால் மறுநாளே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. இது 2019இல் ரிசர்வ் பாங்கு போட்ட உத்தரவு. யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. இனி எழுதிக் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

மூன்றாவது: ஒவ்வொரு கிளைச் சங்கத்திலும் இந்த விஷயம் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். அந்த அம்மாளின் எட்டு வாரக் கூலியும் கடைசியில் கிடைத்தது. சங்கத்திலிருந்து ஒரு இளைஞர் கூடப்போய், மூன்று நாள் அலைந்து, புதுக் கணக்கைக் கண்டுபிடித்து, ஆதாரைப் பழைய பாங்குக்கே மாற்றிக் கொடுத்தார். அவர் பெரிய படிப்பு படித்தவரல்ல. எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டவர், அவ்வளவுதான்.

தகப்பன்மார் கவரை எண்ணிப் பார்த்தார்கள். கவர் போய்விட்டது, தோழர்களே. எண்ணிப் பார்க்கும் வழக்கம் போகக் கூடாது!