கட்டை விரலும் ஒரு 'ப்பா'வும்



விடியற்காலை ஐந்தரைக்குச் சோழவரம் பஸ் ஸ்டாப்பில் நின்றால், கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போகிற கம்பெனி பஸ்ஸுக்காகப் பிள்ளைகள் காத்திருப்பதைப் பார்க்கலாம். எல்லார் கையிலும் போன். ஷிப்ட் குரூப்பில் சூப்பர்வைசர், "இன்னைக்கு ஓ.டி. இருக்கு" என்று போட்டிருப்பார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டை விரல்கள்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் போன மழைக்காலத்தில் அப்படியொரு குரூப்பில், "அம்மாவுக்கு உடம்பு முடியல சார், ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று எழுதினான். பதிலுக்கு ஒரு கட்டை விரல் வந்தது. "லீவு குடுத்துட்டாரு, ஆனா என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலையே" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகம் வாடியிருந்தது.

இதே கட்டை விரல் மதுரையில் கோர்ட்டு வரைக்கும் போயிருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படையின் உயரதிகாரி ஒருவர் கொல்லப்பட்ட செய்தி வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்தது. காவலர் ஒருவர் அதற்குக் கட்டை விரலைப் போட்டுவிட்டார். கொலையைக் கொண்டாடுகிறார் என்று வேலையை விட்டே நீக்கினார்கள். தனி நீதிபதி அந்த உத்தரவை ரத்து செய்தார். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் இரு நீதிபதிகளும் 2024-இல் அவர் பக்கமே நின்றார்கள். செய்தியைப் பார்த்துவிட்டேன் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்பது தீர்ப்பு.

கனடாவில் கதை வேறு. ஆளி விதை விற்கும் விவசாயி ஒருவர், போனில் வந்த ஒப்பந்தப் படத்துக்குக் கட்டை விரல் போட்டார். ஒப்பந்தம் கிடைத்தது என்று சொல்லத்தான் போட்டேன் என்றார். சம்மதம் என்றுதான் அர்த்தம் என்று 2023-இல் நீதிபதி சொல்லிவிட்டார். எண்பதாயிரம் டாலருக்கு மேல் கட்ட வேண்டியதாயிற்று. விரல் ஒன்றுதான், ஒருவர் வேலை பிழைத்தது, இன்னொருவர் பணம் போனது.

எழுத்தில் குரல் கேட்பதில்லை. தொல்லையெல்லாம் அங்கேதான். 1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டதாகக் கணினியில் யாரோ எழுதிய வேடிக்கையைச் சிலர் நிஜமென்று நம்பிவிட்டார்கள். அதையடுத்து செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற பேராசிரியர், முக்காற்புள்ளி, சிறு கோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துப் படுத்திருக்கும் ஒரு சிரிப்பு முகம் செய்தார். வேடிக்கைக்கு இதைப் போடுங்கள் என்றார். இன்றைய மஞ்சள் முகங்களுக்கு அது மூத்த அண்ணன்.

நம் தமிழில் இந்த வேலையைச் செய்ய நெடுங்காலமாகவே ஆட்கள் உண்டு. 'ஓ' என்ற ஒற்றை எழுத்துக்கே ஆறு பொருள் சொல்கிறது தொல்காப்பியம். 'சரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'சரிங்க' என்றால் மரியாதை. 'சரிப்பா' என்றால் வாஞ்சை. 'சரி சரி' என்று இரண்டு தடவை சொன்னால், பேச்சை முடி என்று அர்த்தம். 'சரிதான்...' என்று இழுத்தால் நம்பவில்லை. இத்தனையும் ஒரு விரலுக்குள் அடங்குமா? அடங்காது என்றுதான் நான் நினைக்கிறேன். ஓ.டி. செய்திக்கு விரல் போதும், கை வேலையாக இருக்கிறவருக்கு அது பெரிய உதவி. ஆஸ்பத்திரியிலிருந்து எழுதுகிறவனுக்கு அது போதாது.

எங்கள் தெருப் பையன் எழுதிய அன்று சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் அந்தச் சூப்பர்வைசர் போன் பண்ணினாராம். "தம்பி, அம்மா எப்படிப்பா இருக்காங்க? சாப்பிட்டாங்களா?" மறுநாள் பையன் எனக்கு அதை அவர் குரலிலேயே பேசிக் காட்டினான். அந்த 'ப்பா'வைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னான்.