நடந்து கண்ட வியன்னா

ஒரு நகரத்தைக் காண்பதற்கு வழிகள் பல உண்டு. பேருந்தில் அமர்ந்து அரைநாளில் சுற்றிவரலாம். உயரமான கட்டடத்தின் மேல் ஏறி ஒரே பார்வையில் பார்த்துவிடலாம். ஆனால் நகரம் தன் வரலாற்றைத் தானே சொல்லக் கேட்க வேண்டுமானால், நடப்பதைப்போல் சிறந்த வழி வேறில்லை. ஆஸ்திரிய நாட்டின் தலைநகராகிய வியன்னாவில் நானும் என் மனைவியும் எங்கள் மக்கள் இருவரும் மூன்று நாள் நடந்தே திரிந்தோம். மகளுக்கு வயது 14; மகனுக்கு 9. நகரப்படத்தை மகளிடம் கொடுத்து, வழிகாட்டும் பொறுப்பை அவளிடமே விட்டோம். கேள்வி கேட்கும் பொறுப்பை மகன் தானாகவே ஏற்றுக்கொண்டான்.

முதற் கேள்வி ஒரு சாலையைப் பற்றியது. "இந்தச் சாலை ஏன் வளைந்துகொண்டே போகிறது?" என்றான். அதன் பெயர் ரிங் சாலை. அதாவது வளையச் சாலை. பழைய நகரத்தைச் சுற்றி ஒரு காலத்தில் பெரிய மதில் இருந்தது. 1529-ஆம் ஆண்டிலும் 1683-ஆம் ஆண்டிலும் துருக்கியப் படைகள் முற்றுகையிட்டபோது நகரைக் காத்தது அந்த மதிலே. பிற்காலத்தில் பீரங்கிகளும் போர்முறையும் மாறின, மக்கள்தொகை பெருகிற்று. காப்பதற்கென எழுப்பிய மதில், நகரின் வளர்ச்சிக்கே தடையாக நின்றது. 1857-இல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் அதனை இடிக்க ஆணையிட்டார். மதிலும் அதன் முன்னிருந்த வெற்றுத்திடலும் இருந்த இடத்தில் எழுந்த அகன்ற சாலை 1865-இல் திறக்கப்பெற்றது. இன்று அதன் ஓரத்தில் இசை நாடக அரங்கும், நாடாளுமன்றமும், நகர மன்றமும், பல்கலைக்கழகமும் நிற்கின்றன. பகைவரைத் தடுக்க நின்ற இடத்தில் கலையும் சட்டமும் கல்வியும் குடியேறின. அந்த வளைவைக் காலால் அளந்தபோதுதான் மதிலின் வடிவம் எங்களுக்கு விளங்கிற்று.

நகரின் நடுவே புனித ஸ்டீபன் பேராலயம் விண்ணை நோக்கி எழுந்து நிற்கிறது. அதன் தெற்குக் கோபுரத்தின் உயரம் 136 மீட்டர். அது 1433-இல் கட்டி முடிக்கப்பெற்றது. எல்லாரும் தலையை நிமிர்த்திக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி வாயிலின் இடப்பக்கச் சுவரைச் சுட்டிக் காட்டினாள். அங்கே இரண்டு உலோகச் சட்டங்கள் பதிக்கப்பட்டுள்ளன. அவை பழங்காலத்து முழக்கோல்கள். ஒன்று பருத்த துணியை அளக்க. மற்றொன்று சணல்நூல் துணியை அளக்க. வாங்கிய துணியில் ஐயம் கொண்டவர் இங்கே வந்து அளந்து பார்க்கலாம். வழிபாட்டுக்குச் செல்லும் வாயிலிலேயே வாணிக நேர்மைக்கும் ஓர் அளவுகோல் வைத்த அந்த ஏற்பாடு எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அதே வாயிலின் வலப்பக்கத்தில், 'ஓ' என்னும் எழுத்தும் '5' என்னும் எண்ணும் சுவரில் கீறப்பட்டுள்ளன. 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நாட்டின் பெயரும் மறைந்தது. ஐந்தாம் எழுத்து 'இ'. 'ஓ'வும் 'இ'யும் சேர்ந்தால் ஆஸ்திரியாவின் ஜெர்மன் பெயருடைய தொடக்கம் கிடைக்கும். போரின் இறுதிக் காலத்தில் நாஜிகளை எதிர்த்தவர்களின் இரகசியக் குறி இது. பெயரைச் சொல்லவே அஞ்ச வேண்டிய நாளில், யாரோ ஒருவர் அதனைக் கல்லில் எழுதினார்.

கோபுரத்தின் 343 படிகளை ஏறி இறங்கியதும் தாகம் வருத்திற்று. தெருவோரக் குடிநீர்க் குழாயில் பருகினோம், நீர் குளிர்ந்திருந்தது. ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மலைச் சுனைகளிலிருந்து, எந்திரத்தின் உதவியின்றி, நிலத்தின் சரிவினாலேயே ஓடிவரும் நீர் வியன்னாவுக்கு 1873-இல் வந்து சேர்ந்தது. எடுவார்ட் சூயஸ் என்னும் நிலவியல் அறிஞர் அதற்காகப் பெரிதும் உழைத்தார். அதற்குமுன் மாசுற்ற கிணற்று நீரால் நோய்கள் பரவின. மகன் இருமுறை வாங்கிக் குடித்தான்.

இதுவரை கேள்விகளுக்கு விடை எளிதாயிருந்தது. யூதர் சதுக்கத்துக்கு வந்தபோது அவ்வாறு இல்லை. அங்கே ஒரு நூலக அறையைப்போன்ற கான்கிரீட் கட்டமைப்பு நிற்கிறது. அதன் சுவரெங்கும் நூல்களின் வடிவம்; ஆனால் பெயர் பொறித்த முதுகுப்பக்கம் உள்ளே திரும்பியிருக்கிறது. "கதவுக்குக் கைப்பிடியே இல்லையே!" என்றான் மகன். கொல்லப்பட்ட 65,000 ஆஸ்திரிய யூதர்களின் நினைவுச்சின்னம் அது. ரேச்சல் வைட்ரீட் என்னும் ஆங்கிலச் சிற்பி உருவாக்கியது, 2000-இல் திறக்கப்பெற்றது. அவர்கள் வாழ்ந்து முடிக்காத வாழ்க்கைகளே திறக்க முடியாத அந்த நூல்கள் என்று எனக்குத் தோன்றிற்று.

அதே சதுக்கத்தில், 1421-இல் யூதர்கள் கொல்லப்பட்டதைப் புகழ்ந்து பாடும் பழைய இலத்தீன் கல்வெட்டு ஒன்று ஒரு வீட்டின் முகப்பில் இன்றும் உள்ளது. "இதைப் பெயர்த்து எறிந்திருக்கலாமே, அப்பா?" என்றாள் மகள். நான் விடை தேடுவதற்குள் என் மனைவி சொன்னாள்: "எறிந்துவிட்டால், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்ல வழி பிறந்துவிடும், அம்மா." கிறித்தவர்களின் குற்றத்தை ஒப்பி வருந்தும் பலகை ஒன்றும் 1998-இல் அச்சதுக்கத்தில் வைக்கப்பெற்றது. மகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "இருந்தாலும், அந்த வீட்டில் குடியிருக்க எனக்கு மனம் வராது," என்றாள். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

மாணவ நண்பர்களே, இக்கொடுமை கற்றவர் இல்லாத ஊரில் நடக்கவில்லை. இசைக்கும் மருத்துவத்துக்கும் பெயர்பெற்ற நகரில் நடந்தது. 1938-இல் வியன்னாப் பல்கலைக்கழகத்திலிருந்து மட்டும் 2,700-க்கும் மேற்பட்ட ஆசிரியர்களும் மாணவர்களும் பிறரும் விலக்கப்பட்டனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர். நேற்றுவரை பக்கத்தில் அமர்ந்திருந்தவரின் இருக்கை இன்று வெறுமையானபோது, எஞ்சியிருந்த மாணவர் பலர் பாடத்தைத் தொடர்ந்தனர். கல்வி ஒருவனுக்கு அறிவைத் தரலாம்; அயலானுக்காக எழுந்து நிற்கும் துணிவை அவன்தான் அதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கல் மதிலை இடிப்பதற்கு வியன்னாவுக்கு ஓர் அரச ஆணை போதுமானதாயிருந்தது. மனிதர் மனத்தில் எழும் மதிலை இடிக்க எந்த அரசின் ஆணையும் போதாது. அது ஒவ்வொரு தலைமுறையும் தானே செய்ய வேண்டிய வேலை. உங்கள் தலைமுறைக்கும் அதில் பங்கு உண்டு.