அரிக்கமேட்டுக் கலமும் இத்தாலிய உண்டியும்



புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டைப் பற்றி நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழ்ந்தபோது, செந்நிற மெருகேறிய மட்கலங்களின் உடைசல்கள் கிடைத்தன. இத்தாலி நாட்டு அரெட்சோ நகரின் பெயரால் வழங்கும் கலவகை அது. மதுவும் ஒலிவ எண்ணெயும் மீன்சாறும் ஏற்றிவந்த இருபிடிச் சாடிகளின் துண்டுகளும் அங்கே அகப்பட்டன. ஆதலின், இத்தாலிய உணவைப் பற்றிப் புதுச்சேரியில் இருந்துகொண்டு பேசுவது புதுமையன்று. அந்நாட்டுத் தட்டும் எண்ணெயும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம் கரையில் இறங்கிவிட்டன.

அந்த மீன்சாற்றின் வழிவந்ததாகக் கருதப்படும் ஒன்றை, நேப்பிள்சுக்குத் தெற்கேயுள்ள செத்தாரா என்னும் சிற்றூரில் இன்றும் வடிக்கின்றனர். நெத்திலி இனத்து மீனை உப்பிட்டுத் தொட்டியில் அடுக்கிப் பல திங்கள் வைத்திருந்து, ஊறிவரும் சாற்றைச் சொட்டுச் சொட்டாக இறக்குவர். எங்கள் கனகசெட்டிக்குளத்தில் நெத்திலியை உலர்த்திக் கருவாடாக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

இத்தாலியர் பெருவிருந்துக்கு முன் உண்ணும் சிறு உண்டியை ‘அந்திப்பாஸ்தோ’ என்பர். ‘உணவுக்கு முன்’ என்பதே அதன் பொருள். அது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். வடக்கே பீட்மாண்டில், நெத்திலி இன மீனையும் பூண்டையும் எண்ணெயில் கரைத்துச் சூடாக வைத்துக் காய்கறிகளைத் தோய்த்து உண்பர். சிசிலித் தீவினர் கத்தரிக்காயை வறுத்துப் புளிகாடியும் சர்க்கரையும் கூட்டி இனிப்பும் புளிப்புமாகச் சமைப்பர். அந்தக் கத்தரிக்காய் நம் பாரதத்திலிருந்து அராபியர் கைவழியாக அங்கே சென்றது என்பதை மறவாதீர்கள். அவர்கள் பெருமை பேசும் தக்காளியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. நமக்கும் அது விருந்தாளிதான்.

நடு இத்தாலியின் உண்டி மிக எளியது. ரொட்டியைத் தணலில் வாட்டி, சூடு ஆறுமுன் பூண்டுப் பல்லால் தேய்த்து, எண்ணெயும் உப்பும் தூவி உண்பர். பழைய ரொட்டியை வீணாக்காத ஏழைக் குடியானவர் கண்ட வழி இது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் நீண்ட ரொட்டி சுடும் பழக்கம் புதுச்சேரியை விட்டுப் போகவில்லை. ஆகவே, நமக்கு ரொட்டிக்குக் குறையில்லை.

இனிப் பாஸ்தாவுக்கு வருவோம். மார்க்கோ போலோ சீனத்திலிருந்து அதனைக் கொண்டுவந்தார் என்று சிலர் சொல்வதை நம்பவேண்டா. அவர் ஊர் திரும்பியது 1295இல். ஜெனோவா நகரத்துச் சொத்துப் பட்டியல் ஒன்றில் ‘மக்ரோனி’ நிறைந்த பெட்டி குறிக்கப்பெற்றது 1279இல். சிசிலியில் நூல்போன்ற மாவுணவு செய்து கப்பலேற்றியதை அல் இத்ரீசி 1154ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்.

நம் இடியாப்பமும் நூல்தானே, பின் ஏன் அதனைக் கொதிநீரில் வேகவைப்பதில்லை? இக்கேள்வியை வகுப்பில் கேட்டால் பலர் விழிப்பர். கோதுமை மாவில் நீர் பட்டுப் பிசையும்போது புரதம் வலைபோலப் பின்னி, மாச்சத்தைச் சிறைப்படுத்தி வைக்கிறது. அரிசியில் அவ்வலை இல்லை. கொதிநீரில் இட்டால் இடியாப்பம் கரைந்து கஞ்சியாகும். ஆகவேதான் ஆவியில் வைக்கிறோம். டியூரம் எனப்படும் கடினக் கோதுமையில் புரதம் மிகுதி. உலர்ந்த பாஸ்தாவை அக்கோதுமையிலேயே செய்யவேண்டும் என இத்தாலி 1967இல் சட்டமே இயற்றியது. கடையில் வாங்கும்போது உறையில் அப்பெயர் உள்ளதா என்று பாருங்கள். மைதாவில் செய்தது விரைவில் குழைந்துவிடும்.

காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் பயிலப் பிற மாநிலங்களிலிருந்து வந்து அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கு ஓர் அடுப்பே போதும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் நீரும் 10 கிராம் உப்பும் கணக்கு. நீர் தளதளவெனக் கொதித்த பின்னரே இடவேண்டும். உறையில் குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாகவே ஓர் இழையைக் கடித்துப் பாருங்கள். பல்லுக்குச் சற்றே எதிர்ப்புத் தரவேண்டும். வடிக்கும்போது ஒரு குவளை நீரை எடுத்து வையுங்கள். வாணலியில் எண்ணெய் விட்டு, அரிந்த பூண்டும் ஒரு வற்றல் மிளகாயும் இட்டு, பூண்டு பொன்னிறமாகும் தறுவாயில் பாஸ்தாவையும் சிறிது வடிநீரையும் சேர்த்துப் புரட்டுங்கள். வடிநீரில் உள்ள மாச்சத்து எண்ணெயையும் நீரையும் பிணைத்துக் குழம்பாக்கும். நேப்பிள்சு மக்கள் செய்யும் முறை இவ்வளவே. கடுகு தாளிக்கவேண்டா, கை பரபரக்கத்தான் செய்யும், அடக்கிக்கொள்ளுங்கள்!

ஒலிவ எண்ணெய் விலை மிகுதி. மணம் குறைந்த கடலை எண்ணெயில் செய்தாலும் குற்றமில்லை. நல்லெண்ணெய் தன் மணத்தால் பிறவற்றை மூடிவிடும் என்பது என் கருத்து. ரோமாபுரியினர் ஆட்டுப்பால் கட்டியும் மிளகும் மட்டுமே கூட்டிச் செய்வர். அந்த மிளகைத் தேடித்தானே அவர்கள் முன்னோர் மேலைக் கடற்கரைக்கு மரக்கலம் செலுத்தினர்!

காலையில் பிழிந்த இடியாப்பம் மாலைவரை காத்திருக்கும். பாஸ்தா காத்திராது, ஒட்டிக்கொள்ளும். ஆகையால் உண்பவர்களை முதலில் உட்காரவைத்து, ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்துவிட்டு, அதன்பின் பாஸ்தாவை நீரில் இடுங்கள்.