கங்கையின் பிள்ளைகள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



பல ஆண்டுகளுக்கு முன்னர் பழைய புத்தகக் கடையொன்றில் 'ஹார்ட் ஒஃப் ஓக்' என்ற ஆங்கில நூல் என் கைக்கு அகப்பட்டது. 1984இல் வெளியான நூல் அது. எழுதியவர் ட்ரிஸ்டன் ஜோன்ஸ். சிறு பாய்க்கப்பல்களில் உலகக் கடல்களைச் சுற்றியவர் என்றும், கடற்கதை சொல்வதில் வல்லவர் என்றும் பெயர் பெற்றவர். பையனாகப் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்து இரண்டாவது உலகப் போரைக் கண்ட தமது அனுபவங்களை அந்த நூலில் விவரிக்கிறார். அதில் வரும் பயிற்சித்தளம் என் மனதை விட்டு அகல மறுத்தது. குளிர், அதட்டல், ஓட்டம், பசி, வானத்தைத் தொடும் ஒரு பாய்மரம். அந்தத் தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். கேஞ்சீஸ். நம் கங்கை நதியைத்தான் ஆங்கிலேயர் அவ்வாறு உச்சரிப்பர்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே, சபோக் மாவட்டத்தில், ஷொட்லி என்றொரு சிறு ஊர் இருக்கிறது. ஸ்டூர், ஓர்வெல் என்னும் இரு ஆறுகள் கடலோடு கலக்கும் முனை அது. எதிர்க்கரையில் ஹாரிச் துறைமுகம். எரிக் பிளேயர் என்ற எழுத்தாளர் தமக்கு ஜோர்ஜ் ஓர்வெல் என்று புனைபெயர் சூடிக்கொண்டபோது இந்த ஓர்வெல் ஆற்றின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த ஆற்றின் கரையிலேதான் 1905 முதல் 1976 வரை ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடற்படைக்குப் பயிற்றப்பட்டார்கள். போர்க்காலத்தை விட்டுப் பார்த்தால், அவர்களுட் பெரும்பாலோர் பதினைந்து, பதினாறு வயதுப் பையன்கள்.

இங்கிலாந்தின் கரையில் கங்கை எப்படி வந்தது? அந்தப் பெயர் முதலில் ஒரு கப்பலுடையது. பம்பாய்க் கப்பற்பட்டறையில் 1821இல் நீரில் இறக்கப்பட்ட, 84 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் அது. பார்சி இனத்தவரான வாடியா குடும்பத்தார் தேக்கு மரத்தால் கட்டியது. அதே பட்டறையில், அதே குடும்பத்தார், அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் கட்டிய இன்னொரு கப்பலின் பெயரைக் கேட்டால் நீங்கள் வியப்படைவீர்கள். அதன் பெயர் திருகோணமலை. அந்தக் கப்பலுக்குப் பின்னர் வருவோம்.

பாய்க்கப்பல்களின் காலம் முடிந்ததும் கங்கை, பையன்களைப் பழக்கும் பயிற்சிக் கப்பலாயிற்று. 1866 முதல் போல்மத் துறையிலும் 1899 முதல் ஹாரிச்சிலும் அது நங்கூரமிட்டு நின்றது. பின்னர் பயிற்சி கரைக்கு மாறியது. கப்பல் போய்விட்டது, கட்டடங்களுக்கு அதன் பெயர் நிலைத்தது. 1930ஆம் ஆண்டளவில் கப்பலை உடைத்தபோது அதன் கப்டனின் அறையைப் பெயர்த்துச் சென்று டெவன் கரையோரத் தீவொன்றிலுள்ள ஹோட்டலில் பொருத்தினார்கள். தேக்குப் பலகை மனிதரைவிட நீண்ட நாள் வாழ்கிறது.

1976இல் தளம் மூடப்பட்டது. சிலகாலம் விளையாட்டு மையமாகவும் பொலிஸ் பயிற்சிக்கும் பயன்பட்டபின், அது கவனிப்பாரற்றுப் போயிற்று. யன்னற் கண்ணாடிகள் உடைந்தன. சீமெந்துத் தரையைப் பிளந்துகொண்டு செடிகள் முளைத்தன. பிற்காலத்தில் அந்த நிலத்தில் வீடுகள் எழும்பின. ஆனால் இடையிலே பல ஆண்டுகள் அது ஒரு பாழிடம். அந்தப் பாழிடத்தைத் தேடி வயோதிபர்கள் சிலர் வருவதுண்டு. அங்கு பயின்று, ஓய்வுபெற்ற கடற்படையினர். அவர்கள் எழுதியவற்றையும் சொன்னவற்றையும் துணையாகக் கொண்டு, நாமும் அந்த வாசலால் உள்ளே போய்ப் பார்ப்போம்.

முதலில் பிரதான தளத்துக்கு வெளியே ஒரு தனி வளவு. புதிதாக வந்த பையன்களை முதற் சில வாரங்கள் அங்கேதான் வைத்திருப்பார்கள். தலைமயிரை ஒட்ட வெட்டுவார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த உடுப்பு வீட்டுக்கே திரும்பிப் போய்விடும். புதிய உடுப்புகளில் அச்சால் பெயர் பொறித்து, அந்த எழுத்துகளின் மேல் சிவப்பு நூலால் சங்கிலித் தையல் போடவேண்டும். சட்டை, காற்சட்டை, காலுறை என்று ஒவ்வொன்றிலும் தன் பெயரைத் தானே தைக்கவேண்டும். பெயர் நீளமானவன் பாவம். ஊசி பிடித்தறியாத விரல்களில் இரத்தம் கசியும். அறுபது ஆண்டுகள் கழிந்த பின்னரும் கேஞ்சீஸில் பயின்றவர்களுட் பலர் முதலில் நினைவுகூர்வது அந்தச் சிவப்பு நூலைத்தான்.

அடுத்து அணிவகுப்புத் திடல். அங்கேதான் 140 அடிக்கு மேல் உயர்ந்த அந்தப் பாய்மரம் நின்றது. பழைய போர்க்கப்பலொன்றிலிருந்து கொண்டுவந்து 1907இல் நாட்டியது. ஒவ்வொரு பையனும் அதில் ஏறித் தேறவேண்டும். பாதி வழியில் கயிற்றேணி வெளிப்பக்கமாகச் சரிந்து நிற்கும். அந்த இடத்தில் முதுகு நிலத்தைப் பார்க்கத் தொங்கியபடி ஏறவேண்டும். கீழே வலை கட்டியிருக்கும். பெற்றோர் வரும் விழா நாட்களில் பையன்கள் பாய்மரம் முழுவதும் ஏறி அணியாக நிற்பார்கள். உச்சியிலே, ஒரு சாப்பாட்டுக் கோப்பையை விடச் சற்றே பெரிய மர வட்டத்தின் மேல், ஒருவன் மட்டும் நிமிர்ந்து நின்று சலாம் வைப்பான். பிடித்துக்கொள்ளக் கைக்கு எதுவுமில்லை. இடிதாங்கிக் கம்பியைக் கால்களுக்கிடையில் இறுக்கியபடி நிற்பான். அவனுக்குப் 'பொத்தான் பையன்' என்று பெயர். இறங்கி வந்ததும் கட்டளைத் தளபதி அவன் கையில் ஒரு நாணயம் கொடுப்பார்.

பாய்மரத்துக்கு அப்பால், சலவைச்சாலைப் பக்கமாக இறங்கும் ஒரு சரிவு. தண்டனை பெற்றவர்கள் அதில் ஏறி இறங்கி ஓடவேண்டும். பெருங்குற்றமென்றால் பிரம்படி. கடற்படையில் பையன்களுக்குப் பிரம்படி கொடுக்கும் வழக்கம் 1967 வரை நீடித்தது. இன்னும் அப்பால், பழைய கடற்படைத் தலைவர்களின் பெயர்களைத் தாங்கிய விடுதிகள். இரவில் கொடுக்கும் கெட்டியான கொக்கோ பானத்தைப் பற்றி அநேகர் எழுதியிருக்கிறார்கள். முழு நாளிலும் கிடைத்த ஒரே அன்பு அதுதான் என்பதுபோல எழுதுகிறார்கள்.

நேயர்களே, இந்த நினைவுகளை வாசிக்கும்போது ஒரு விடயம் என்னை உறுத்துகிறது. இவற்றைச் சொல்பவர்களிற் பலர் முறைப்பாடு செய்யவில்லை. "அங்கேதான் நான் ஆளானேன்" என்கிறார்கள். சங்கம் வைத்திருக்கிறார்கள். ஷொட்லியில் சிறியதோர் அரும்பொருளகம் அமைத்தார்கள். உடைந்த யன்னல்களைக் கண்டு கண்ணீர் விடுகிறார்கள். பிரம்பால் அடித்த வீட்டை ஒருவன் ஏன் தாய்வீடு என்கிறான்?

எனக்குத் தோன்றும் விடை இதுதான். அந்த வயோதிபர் உண்மையிற் பாதுகாப்பது கட்டடத்தை அல்ல, அதற்குள் நின்ற பதினைந்து வயதுப் பையனை. பட்ட பாடு வீண் என்று ஒப்புக்கொண்டால் அந்தப் பையனைக் கைவிட்டதாகிவிடும். ஆகவே பாட்டுக்கு ஒரு பயன் கற்பிக்கிறார். இது பொய்யல்ல. ஆனால் இது முழு உண்மையும் அல்ல.

ஏனெனில் வேறு குரல்களும் உண்டு. ஷொட்லிக்குள் நுழைந்தவன் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு ஆண்டுச் சேவை. அந்தக் கணக்கோ பதினெட்டு வயதிலிருந்துதான் தொடங்கும். பதினைந்து வயதில் இட்ட கையெழுத்து முப்பது வயதுவரை கட்டிவைக்கும். பிற்காலத்தில் அது ஒன்பது ஆண்டாகக் குறைந்தது. பதினைந்து, பதினாறு வயதில் அவ்வாறு படைகளிற் சேர்ந்து, பின்னர் விடுதலை கேட்டும் கிடைக்காத நான்கு இளைஞர்கள் ஐரோப்பிய மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் சென்றார்கள். இது அடிமைத்தளைக்கு ஒப்பானது என்பது அவர்களின் வாதம். பெற்றோரின் சம்மதத்தோடு சேர்ந்தவர்கள் என்பது எதிர்வாதம். 1968இல் ஆணைக்குழு அவர்களின் முறைப்பாட்டை நிராகரித்தது. எனினும் கேள்வி அடங்கிவிடவில்லை. டொனல்ட்சன் பிரபு தலைமையிலான குழு 1970இல் அளித்த அறிக்கை, பையன்களாகச் சேர்ந்தவர்கள் பதினெட்டு வயதில் தம் முடிவை மீள எண்ணிப்பார்க்க வழி வேண்டும் என்று வற்புறுத்தியது. கேஞ்சீஸ் மூடப்பட்டது அதற்கு ஆறு ஆண்டுகளின் பின்னர்.

அந்த நால்வரின் பெயர் வழக்கேட்டில் இல்லை. டபிள்யூ, எக்ஸ், வை, இசெட் என்ற நான்கு எழுத்துகளே உள்ளன. சட்டையெல்லாம் சிவப்பு நூலால் பெயர் தைக்கவைத்த ஓர் உலகிலே, 'எனக்கு வேண்டாம்' என்று சொன்னவர்களுக்கு மிஞ்சியவை அந்த எழுத்துகள்தான்.

பேசவே வாய்ப்பில்லாமற் போனவர்களும் உண்டு. 1939 ஒக்டோபர் 14ஆந் திகதி ஸ்கப்பா புளோ துறையில் 'றோயல் ஓக்' என்ற போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. இறந்தவர்கள் 800க்கு மேல். அவர்களுள் 130க்கும் மேற்பட்டோர் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள். ஷொட்லி போன்ற பயிற்சித்தளங்களிலிருந்து சென்றவர்கள். ஷொட்லி ஊர்த் தேவாலய வளவிலும் கடற்படையினரின் கல்லறைகள் ஆற்றைப் பார்த்தபடி வரிசையாக உள்ளன. ஆண்டுவிழாக்களில் பழங்கதை பேசும் வாய்ப்பு இவர்களுக்குக் கிடைக்கவில்லை. நாம் கேட்கும் நினைவெல்லாம் கரை சேர்ந்தவர்களின் நினைவு.

இனி, நான் தொடங்கிய நூலுக்கு வருகிறேன். ட்ரிஸ்டன் ஜோன்ஸ் 1995இல் தாய்லாந்தில் காலமானார். 2003இல் அன்ரனி டோல்ற்றன் என்பவர் அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதினார். ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, ஜோன்ஸ் தாம் சொல்லியதைவிட ஐந்து ஆண்டுகள் பிந்திப் பிறந்தவர் என்பது தெரியவந்தது. அவர் கடற்படையிற் சேர்ந்தது 1946இல். போர் முடிந்துவிட்டிருந்தது. அவர் விவரித்த போர் அவர் காணாத போர்.

அதை அறிந்த நாளில் நான் ஏமாந்தவனாக உணர்ந்தேன். நூலைத் தூக்கி வீசவும் நினைத்தேன். பின்னர் ஆறுதலாக யோசித்தேன். ஏன் அப்படி எழுதினார்? தமக்கு முன்னே அந்தத் திடலில் நின்றவர்களின் கதைகளைக் கேட்டுக் கேட்டு, அவர்களுள் ஒருவராகவேண்டும் என்ற ஆசை அவரைப் பற்றியிருக்கலாம். நாவல் என்று சொல்லியிருந்தால் குறையில்லை, தன்வரலாறு என்றார். இறந்த பையன்களுக்கு உரிய இடத்தில் தாம் அமர்ந்துகொண்டார். அதுதான் குற்றம். நினைவை எழுதுபவன் தன் துன்பத்தை மிகைப்படுத்தினால்கூட மன்னித்துவிடலாம். பிறர் துன்பத்தைத் தன்னுடையதாக்கக் கூடாது.

இப்போது, முன்பு சொன்ன திருகோணமலை என்ற கப்பல். 1817இல் பம்பாயில் நீரில் இறங்கிய அது, 1897இல் தனியார் ஒருவர் கைக்கு மாறி, 'பூட்ரோயன்ற்' என்ற வேறு பெயரில் 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தது. பின்னர் வட இங்கிலாந்தின் ஹாட்லிபூல் துறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பழுது நீக்கப்பெற்று, தன் சொந்தப் பெயரை மீளப் பெற்றது. கங்கை உடைந்தது, திருகோணமலை மிதக்கிறது.

எங்கள் திருகோணமலைத் துறைமுகமும் 1957 வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக இருந்தது. ஷொட்லியில் பெயர் தைத்த பையன்கள் எத்தனையோ பேர் அங்கே கரையிறங்கியிருப்பார்கள். வெள்ளைச் சீருடையில் அவர்களைப் பார்த்த நம் பெரியவர்கள் 'துரைமார்' என்று ஒதுங்கி நின்றிருப்பார்கள். அந்தச் சீருடைக்குள், கையெழுத்திட்ட நாளை எண்ணி ஏங்கிய ஒரு பிள்ளையும் இருந்திருக்கலாம் என்று நாம் நினைத்ததில்லை.

பதினைந்து வயதில் ஒரு பிள்ளை தன் வாழ்வைப் பற்றி எடுக்கும் முடிவு எவ்வளவுக்கு அவனுடையது? இது நம் மண்ணுக்குப் புதிய கேள்வியல்ல. படைக்குப் போன பிள்ளைகளைப் பற்றி நாளை நம்மவர்கள் கதைகளும் நினைவுகளும் எழுதும்போது, "நான் ஆளானேன்" என்று சொல்பவனையும் கேட்கவேண்டும். "எனக்கு வேண்டாம்" என்று சொன்னவனையும் கேட்கவேண்டும். திரும்பி வராதவனுக்கு ஒரு வெற்றுக் கதிரை போட்டுவைக்கவேண்டும். அதில் வேறெவரும் அமரக்கூடாது.