மணலில் நில்லாத சத்து



திருக்கோவிலிலிருந்து தம்பிலுவில் வரை கடற்கரையோரமாய் நடந்து பார்த்தவர்களுக்கு அந்த மண்ணின் இயல்பு தெரியும். பெருமழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்தில் வளவிலே தண்ணீர் இராது. நடப்பவருக்கு இது வசதி. பயிர் செய்பவருக்கு இதுவே இடுக்கண். நீர் வெறுங்கையோடு இறங்குவதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கி இட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டே இறங்குகின்றது. அவ்வாறு போகும் சத்துகளுள் பொட்டாசியத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

களிமண்ணிலும் மக்கிய இலைகுழையிலும் பொட்டாசியத்தைப் பற்றிக்கொள்ளும் மின்னேற்றம் உண்டு. கடற்கரை மணலுக்கோ அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. அக்கரைப்பற்றுக்கு மேற்கே வயலில் ஒரு மூடை உரத்தை இட்டால், களி அதில் ஒரு பங்கைப் பிடித்துவைத்து வேருக்குச் சிறுகச் சிறுகக் கொடுக்கும். அதே மூடையை மணல் வளவில் மாரிக்கு முன் ஒருமிக்கக் கொட்டினால், தை பிறக்குமுன் பெரும்பகுதி வேருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடக்கூடும்.

கடல்நீரிலும் பொட்டாசியம் உண்டே என்று கேட்பவர்கள் உளர். உண்டு, ஒரு லீற்றரில் ஏறத்தாழ 0.4 கிராம். ஆனால் அதனுடன் 10 கிராமுக்கு மேற்பட்ட சோடியமும் வருகின்றதே! அந்த வரவை நம்பிப் பயிர் செய்ய முடியாது.

குறையை முதலிற் காட்டுவது முதிர்ந்த இலை. மிளகாயிலும் மரவள்ளியிலும் அடியிலைகளின் ஓரம் தீய்ந்தாற்போற் காயும். தென்னையில் கீழோலைகளில் மஞ்சட் புள்ளிகள் தோன்றி நுனி கருகும். வரட்சி என்று எண்ணி மேலும் மேலும் நீர் இறைப்போர் உண்டு. எஞ்சியிருந்த சத்தும் அந்த நீரோடு போகும்.

லுணுவிலையிலுள்ள தெங்கு ஆராய்ச்சி நிறுவனம் வளர்ந்த மரங்களுக்கு விதந்துரைக்கும் கலவையில் ஏறத்தாழப் பாதி பொட்டாசு உரமே. அதை மணலில் எப்போது இடுவது என்பதுதான் கேள்வி. ஐப்பசியில் முதல் மழையோடு ஒரு சிறு பங்கு. கார்த்திகை, மார்கழி அடைமழையில் ஒன்றும் வேண்டாம். மழை தணிந்து நிலம் ஈரமாயிருக்கும் தையின் பிற்பகுதியில் பெரும்பங்கு. இதுவே என் எண்ணம். பொட்டாசை மிகுதியாக இட்டால் மரம் மகனீசியத்தை எடுப்பது தடைப்படும். ஆகவே டொலமைற்றையும் மறவாதீர்கள். மரத்துக்கு எவ்வளவு என்பதை மண்ணைச் சோதித்து, உங்கள் பகுதி உத்தியோகத்தரிடம் கேட்டறிவதே நன்று.

இந்த உரம் நம் நாட்டில் விளைவதன்று, கப்பலில் வருவது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு மூடைக்குப் பட்ட பாட்டை மறந்தவர் எவர்? ஆயினும் வளவின் மூலையில் பொச்சுமட்டை குவிந்து மழையில் நனைந்துகொண்டிருந்ததைப் பலர் கவனிக்கவில்லை. தேங்காயிலுள்ள பொட்டாசியத்தில் மிகுதி மட்டையிலேயே இருக்கின்றது. அது நீரில் எளிதாய்க் கரைவது. குவியலாய் மாரியில் விட்டால் சத்து அந்த ஓரிடத்து மணலுக்குள் இறங்கிவிடும். களப்பில் ஊறப்போட்டால் களப்புக்குச் சேரும். அதற்கு முன்பே, இரு மரவரிசைகளுக்கு நடுவே அகழி வெட்டி, மட்டையின் குழிந்த உட்பக்கம் மேல்நோக்க அடுக்கி, ஒவ்வோர் அடுக்கின்மீதும் மண் போட்டு மூடுங்கள். சத்து வேரருகே இறங்கும். மட்டை பஞ்சுபோல் நீரைப் பிடித்து, கோடையில் மரத்துக்குக் கைகொடுக்கும்.

வைக்கோலும் அவ்வாறே. நெல் எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில் நிற்கின்றது. சூடடித்தபின் வயலிலே கொளுத்தப்படும் வைக்கோலில் இரண்டு வண்டி மணற்றோட்டத்துக்கு வந்தால், வெண்காயப் பாத்திக்கு மூடாக்கும் ஆகும், உரமும் ஆகும். வயற்காரருக்கும் அது வேண்டியதே என்பதால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்!

அடுப்புச் சாம்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிலும் பொட்டாசியம் உண்டு. மழை பட்டாற் கரைந்துபோகும். ஆகவே மூடியுள்ள பெட்டியில் உலர்வாய்ச் சேர்த்துவையுங்கள். மாட்டெருவோடும் யூரியாவோடும் அதைக் கலவாதீர்கள். அமோனியா கிளம்பி மூக்கிலே நெடி ஏறினால், போவது நம் நைதரசன். மிளகாய்க் கன்று வேரூன்றிய பின், தண்டிலிருந்து சற்று விலக்கிச் சிறிது சிறிதாகத் தூவி, மண்ணோடு கொத்திவிட்டு, அளவாய் நீர் விடுங்கள்.